கூடி வளர்க்கும் குழந்தை

தொண்டை நாடு ஏரிகள் மிகுந்த நாடு. அந்நாட்டில் பாயும் பாலாறு ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆறு அன்று. ஆதலின், அங்கு வாழ்ந்த மக்கள் மழைநீரைத் தேக்கி வைத்தே உழவு செய்து வந்தனர். காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, வாலாசாபாத்தை அடுத்துள்ள தென்னேரி அவ்வாறு அமைந்த பேரேரிகளுள் ஒன்று. திரையன் ஏரி என்னும் பழம்பெயரே தென்னேரி எனத் திரிந்தது என்பர். ஏரியின் பெயரே ஊரின் பெயரும் ஆயிற்று. இத்தகைய ஏரியைத் தனி ஒருவர் காத்தல் இயலாது. கரையை உயர்த்துவோர், மதகைத் திறந்து மூடுவோர், கால்வாயைத் தூர்வாருவோர், வயலில் நீர் பாய்ச்சுவோர் எனப் பலரும் ஒன்றுபட்டு உழைக்க வேண்டும். கரையை ஒருவர் காத்து, மதகை மற்றவர் மறந்தால் தேக்கிய நீர் வீணாகும்.

அவ்வூரைச் சூழ்ந்த காஞ்சிப் பகுதி பட்டு நெசவுக்கும் புகழ் பெற்றது. அந்நெசவின் சிறப்புகளுள் ஒன்று 'கோர்வை' என்னும் முறை. சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருக்கும். இரண்டும் இழையோடு இழை கோத்து இணைக்கப்படும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். மரபு முறையில், நெசவாளர் ஒருவரும் அவர் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை எறியும் துணைவர் ஒருவருமாக இருவர் சேர்ந்தே இதனை நெய்வர். ஒருவர் கை முந்தினாலும் மற்றவர் கை பிந்தினாலும் இணைப்புப் பிழைபடும்.

நீரைக் காக்கவும் சேலை நெய்யவும் இத்தனை ஒற்றுமை வேண்டுமாயின், மனித வாழ்வை உருவாக்கும் பணிக்கு எத்துணை ஒற்றுமை வேண்டும்! எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். சில குழந்தைகளுக்கோ இது இன்றியமையாதது. ஆட்டிசம் என்னும் நிலையுடன் பிறக்கும் குழந்தைகள் அத்தகையோர். அவர்களுக்கு அளிக்கப்படும் நடத்தைப் பயிற்சியில் வல்லுநரும் குடும்பத்தாரும் எவ்வாறு இணைந்து உழைத்தல் வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஆட்டிசம் என்பது யாது?

'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது ஆட்டிசம் என்னும் பெயர். தமிழில் இதனை மதியிறுக்கம் எனவும் வழங்குவர். இது தொற்றிப் பரவும் நோய் அன்று. மருந்தால் நீங்குவதும் அன்று. மூளையின் வளர்ச்சியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. வாழ்நாள் முழுதும் உடன் வருவது. இந்நிலை உடைய குழந்தைகள் பலர் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. விரும்பும் பொருளைச் சுட்டுவிரலால் காட்டுவதில்லை. சிலருக்குப் பேச்சு மிகத் தாமதமாக வரும். சிலருக்கு வாராமலே போதலும் உண்டு. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தல், நாள்முறையில் சிறு மாற்றம் நேரினும் கலங்குதல், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகுதியாக உணர்தல் என்பனவும் காணப்படும். எல்லாரிடத்தும் எல்லாக் குறிகளும் இரா. சிலர் கல்வியிலும் கணக்கிலும் இசையிலும் சிறந்து விளங்குவர். சிலருக்கு உண்ணவும் உடுக்கவுமே பிறர் துணை வேண்டியிருக்கும். உலக மக்களுள் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் இந்நிலை உடையவர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021 ஆம் ஆண்டிற்குக் கணித்துள்ளது.

அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், 1943 ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நிலையை மருத்துவ உலகுக்குத் தெளிவாக அறிவித்தது. அக்கட்டுரையில் முதலாவதாகக் கூறப்பட்ட சிறுவனின் தந்தை, 1938 ஆம் ஆண்டில் தம் மகனின் இயல்புகளை விரிவாக விளக்கி 33 பக்கங்களில் கானருக்குக் கடிதம் எழுதியிருந்தார். மகன் எப்பொழுது சிரித்தான், எதனைக் கண்டு அஞ்சினான், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான் என்று நாள்தோறும் உடனிருந்து பார்த்தவர் அவர். மருத்துவரின் அறிவும் தந்தையின் கூர்ந்த நோக்கும் சேர்ந்தே இத்துறைக்கு அடிகோலின.

நடத்தைப் பயிற்சி

இனி, நடத்தைப் பயிற்சி யாது எனக் காண்போம். எந்தச் செயலுக்கும் ஒரு முன்நிகழ்வு உண்டு. ஒரு பின்விளைவும் உண்டு. பின்விளைவு இனியதாயின் அச்செயல் மீண்டும் நிகழும்; பயன் கிட்டாதாயின் அது மெல்லக் குறையும். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டதே நடத்தைப் பயிற்சி. கற்பிக்க வேண்டிய செயல் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்படும். கை கழுவுதலை எடுத்துக் கொள்வோம். குழாயைத் திறத்தல், கையை நனைத்தல், சோப்பைத் தேய்த்தல், நீர் விட்டு அலசுதல், குழாயை மூடுதல், துடைத்தல் என அஃது ஆறு படிகளாகும். குழந்தை ஒரு படியைச் செய்து முடித்தவுடன் பாராட்டோ விருப்பமான பொருளோ கிடைக்கும். பிறகு அடுத்த படி கற்பிக்கப்படும்.

குழந்தை கதறுகிறது, தன்னைத் தானே அடித்துக் கொள்கிறது என்றால், அதனை அடக்குவதற்கு முன் அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். பேச இயலாத குழந்தைக்கு அந்தக் கதறலே மொழி. ஒரு பொருளை வேண்டி அழலாம். பிறர் தன்னைக் கவனிக்க வேண்டும் என அழலாம். கடினமான வேலையினின்று தப்ப அழலாம். உடலில் தோன்றும் உணர்ச்சியைத் தாங்காமலும் அழலாம். காரணம் வேறாயின் தீர்வும் வேறாகும்.

இக்காரணத்தை அறிபவர் யார்? தென்னேரியில் நெசவுத் தொழில் செய்யும் குடும்பம் ஒன்றை மனத்தில் எண்ணிக் கொள்வோம். அக்குடும்பத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். உணவு வேளையில் அவன் காதுகளில் அடித்துக் கொண்டு தட்டை விட்டு ஓடுகிறான். நகரத்துப் பயிற்சி நிலையத்தில் உள்ள வல்லுநர், உண்ண விருப்பமின்றி அவன் ஓடுவதாகக் கருதுகிறார். ஒரு வாரம் குறிப்பேடு எழுதுமாறு வீட்டாரைக் கேட்டுக் கொள்கிறார். செயலுக்கு முன் நிகழ்ந்தது, செயல், பின் நிகழ்ந்தது என மூன்று பத்திகளில் தாய் எழுதி வருகிறார். எல்லா நாளும் அவன் ஓடுவதில்லை. அண்டை வீட்டில் நூல் சுற்றும் இயந்திரம் ஓடும் நாட்களிலேயே ஓடுகிறான் என்பதைப் பாட்டி கண்டு கூறுகிறார். காரணம் உணவு அன்று. ஒலியே என்பது வெளிப்படுகிறது. உணவு வேளை மாற்றப்படுகிறது. ஒலி மிகும்பொழுது அடித்துக் கொள்வதற்கு மாறாக, ஒரு படத்தை எடுத்துக் காட்டி வேறு அறைக்குச் செல்ல அவனுக்குக் கற்பிக்கப்படுகிறது. ஆராயும் முறையை வல்லுநர் அளித்தார். ஆராய வேண்டிய செய்தியைக் குடும்பம் அளித்தது. இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் சிறுவனின் துன்பம் நீங்கியிராது.

அதே வீட்டில் மற்றொன்றும் நிகழ்கிறது எனக் கொள்வோம். இனிப்பு வேண்டுமானால் அதன் படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும் என்று சிறுவனுக்குத் தாய் பழக்குகிறார். தந்தையும் அவ்வாறே செய்கிறார். பாட்டியோ, அவன் அழுவதைப் பொறாது ஒருநாள் இனிப்பைக் கையில் கொடுத்து விடுகிறார். அன்பினால் செய்த செயலே அது. எனினும் அதன் விளைவு யாது? என்றேனும் ஒருநாள் அழுகைக்குப் பயன் கிடைக்குமாயின், மற்ற நாட்களிலும் குழந்தை நெடுநேரம் அழுது பார்க்கும். எப்பொழுதும் கிடைக்கும் பரிசினும், எப்பொழுதாவது கிடைக்கும் பரிசே ஒரு பழக்கத்தை வேரூன்றச் செய்யும் என்பது உளநூலார் கண்ட முடிபு. ஆகவே, பாட்டியை ஒதுக்குதல் தீர்வாகாது. அவரையும் அழைத்து, காரணத்தை விளக்கி, கற்பிப்போருள் ஒருவராக்குதலே தீர்வாகும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. பயிற்சி நிலையத்தில் 'தண்ணீர்' என்று கேட்கக் கற்ற சிறுவன், வீட்டுக் குடத்தின் அருகே நின்று வாய் திறவாமல் அழலாம். பள்ளியில் தாகம் எடுத்தும் கேளாதிருக்கலாம். ஓரிடத்தில் கற்றதை வேறோரிடத்தில் தாமே பயன்படுத்துதல் இக்குழந்தைகளுக்கு எளிதன்று. ஆதலின், அதே சொல்லை வீட்டில் தாயும், பள்ளியில் ஆசிரியரும், கடைத்தெருவில் தந்தையும் கேட்டுப் பழக்க வேண்டும். வல்லுநருடன் குழந்தை இருப்பது வாரத்தில் சில மணி நேரமே. எஞ்சிய காலமெல்லாம் குடும்பத்தோடும் பள்ளியோடும் கழிகின்றது. அச்சில மணி நேரத்தில் விதைத்தது, மற்ற காலத்தில்தான் முளைக்க வேண்டும்.

பழியும் மீட்சியும்

இவ்வளவு தெளிவான உண்மையை உலகம் எளிதில் உணர்ந்து விடவில்லை. குடும்பத்தைத் துணையாகக் கொள்வதற்கு மாறாக, அதனையே குற்றவாளியாக்கிய காலம் ஒன்று இருந்தது. பெற்றோரிடத்து, சிறப்பாகத் தாயிடத்து, அன்பு இன்மையாலேயே இந்நிலை தோன்றுகிறது என்று அறிஞர் சிலர் கூறினர். கானரே பெற்றோரின் குளிர்ந்த உள்ளத்தைப் பற்றி எழுதினார். புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இக்கருத்தை எங்கும் பரப்பியது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பதே நன்று எனவும் கருதினர். இரவும் பகலும் கண் விழித்துக் குழந்தையைக் காத்த தாய்மார்கள் பழியையும் சுமந்தனர். துன்பத்தில் இருப்போர்க்கு இதனினும் கொடிய துன்பம் வேறு உண்டோ?

அப்பழியைத் துடைத்ததில் பெற்றோர்க்கே பெரும் பங்கு உண்டு. பெர்னார்டு ரிம்லாந்து என்பவர் உளநூல் அறிஞர். ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் ஆவார். அவர் 1964 ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி, இந்நிலைக்குக் காரணம் உடலமைப்பே என்றும், தாயின் அன்பின்மை அன்று என்றும் நிலைநாட்ட முற்பட்டார். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் பெற்றோர் சங்கம் ஒன்று தோன்ற அவர் காரணமானார். இங்கிலாந்தில் அதற்கு முன்பே, 1962 ஆம் ஆண்டில், பெற்றோர் கூடி ஒரு சங்கம் நிறுவினர். மருத்துவராகவும் தாயாகவும் விளங்கிய லோர்னா விங் அவர்களுள் ஒருவர். 1977 ஆம் ஆண்டில் சூசன் போல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்னும் இருவர் 21 இணை இரட்டையரை ஆராய்ந்து, இந்நிலையில் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு எனக் காட்டினர். தாயின் மேல் சுமத்திய பழிக்கு அறிவியலில் இடமில்லாது போயிற்று.

ஆய்வுகள் தரும் சான்று

குடும்பம் துணை நின்றால் விளையும் பயனை ஆய்வுகளும் காட்டின. கலிபோர்னியாவில் இவார் லோவாஸ் என்பவர் நடத்தைப் பயிற்சியைப் பெருமுயற்சியுடன் வளர்த்தார். அவரும் அவருடைய துணைவர்களும் தாம் பயிற்றிய குழந்தைகளைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டு, 1973 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பயிற்சி பெற்ற பெற்றோரிடம் சென்ற குழந்தைகள் மேலும் வளர்ந்தனர். காப்பகங்களில் விடப்பட்ட குழந்தைகளோ கற்றதை இழந்து பின்னடைந்தனர். கற்பித்த வல்லுநர் ஒருவரே. கற்ற முறையும் ஒன்றே. பின்னர்ச் சென்ற இடம் வேறாயிற்று, விளைவும் வேறாயிற்று. வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் 1972 ஆம் ஆண்டில் தொடங்கிய அமைப்பு, பெற்றோரை உடன் பயிற்றுநராகவே ஏற்றுக் கொண்டது.

நம் நாட்டுக்கும் இக்கருத்து புதிதன்று. 1950களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்தியாசாகர், நோயாளரின் உறவினர் உடன் தங்குவதற்காக மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்தார். தமிழ்நாட்டில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 ஆம் ஆண்டில் பாகாயத்தில் தொடங்கப் பெற்றது. அங்கும் குடும்பத்தார் உடனிருந்து மருத்துவத்தில் பங்கு கொள்ளுதல் வழக்கமாயிற்று. அதன் பிரிவுகளுள் ஒன்றாகிய நம்பிக்கை நிலையத்தில் வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கப்படும்பொழுது, பெற்றோரும் கற்கின்றனர். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005 ஆம் ஆண்டில், பல்வகைக் குறைபாடு உடையோர்க்கான தேசிய நிறுவனம் நிறுவப்பெற்றது. அப்பொழுது அவ்விடம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2019 ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபின் அதனுள் அடங்கிற்று.

வல்லுநர் இல்லாத சிற்றூரில் என் செய்வது? இவ்வினாவுக்கு விடை தேடிய ஆய்வு ஒன்று கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடைபெற்று, 2016 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 65 குழந்தைகள் அதில் பங்கு பெற்றனர். உயர்ந்த மருத்துவப் பட்டம் பெறாத உள்ளூர் நலப் பணியாளர்கள் முறையாகப் பயிற்சி பெற்றுப் பெற்றோரைச் சந்தித்தனர். தாயும் குழந்தையும் விளையாடுவதைப் படம் பிடித்து, அதனைத் தாயுடன் அமர்ந்து பார்த்தனர். 'இங்கே குழந்தை உங்களை நோக்கியது. நீங்கள் மறுமொழி தந்தீர்கள்' என்று நல்லனவற்றைச் சுட்டிக் காட்டினர். நாளடைவில் பெற்றோர் குழந்தையின் குறிப்பறிந்து மறுமொழி தருதல் மிகுந்தது. குழந்தைகளும் தாமாகப் பெற்றோரை நாடித் தம் கருத்தைத் தெரிவித்தல் பெருகிற்று.

இணைந்து பணியாற்றும் நெறி

ஆட்டிசம் உடைய குழந்தைக்குத் துணை நிற்போர் பலர். குழந்தை மருத்துவர் உடல்நலத்தைக் காண்பார். உளநூல் வல்லுநர் நடத்தையை ஆராய்வார். பேச்சுப் பயிற்சியாளர் சொல்லாலோ படத்தாலோ கருத்தறிவிக்கக் கற்பிப்பார். உடுத்தல், உண்ணல், எழுதுதல் ஆகியவற்றுக்குக் கையையும் உடலையும் பழக்குவோர் ஒருவர். சிறப்பாசிரியர் கல்வி புகட்டுவார். இவர்கள் தனித்தனியே அறிவுரை கூறினால், ஐந்து திசையிலிருந்து வரும் ஐந்து கட்டளைகளால் தாய் திகைப்பார். ஆகவே, அனைவரும் குடும்பத்துடன் கூடியிருந்து, சில குறிக்கோள்களை மட்டும் தேர்ந்து, ஒரே திட்டம் வகுத்தல் வேண்டும். அத்திட்டம் யாவர்க்கும் விளங்கும் எளிய மொழியில் அமைதல் வேண்டும்.

அத்திட்டம் வீட்டின் நிலைக்கும் பொருந்த வேண்டும். தறியில் நாளெல்லாம் உழைக்கும் பெற்றோரிடம், நாள்தோறும் நான்கு மணி நேரம் தனியே ஒதுக்குக எனல் இயலாததைக் கேட்பதாகும். குளிக்கும் வேளையில் உடலுறுப்புகளின் பெயரும், உண்ணும் வேளையில் வேண்டியதைக் கேட்டலும், கடைக்குச் செல்லும்பொழுது முறை வரும்வரை காத்திருத்தலும் கற்பிக்கலாம். வாழ்க்கையே பாடசாலை ஆகும். இயலாததை இயலாது எனக் கூறும் துணிவு பெற்றோர்க்கு வேண்டும். அதனைக் குற்றமாகக் கொள்ளாத பண்பு வல்லுநர்க்கு வேண்டும்.

இக்கூட்டத்தில் குழந்தையின் குரலும் ஒலித்தல் வேண்டும். நடத்தைப் பயிற்சியின் தொடக்கக் காலத்தில் அடித்தலும் மின்னதிர்ச்சி தருதலும் கூடச் சில இடங்களில் கையாளப்பட்டன. அவை அறமல்ல எனப் பின்னர் உணர்ந்தனர். அப்பயிற்சி பெற்று வளர்ந்தோர் பலர், கைகளை அசைக்கும் தம் இயல்பைத் தடுத்ததும், கட்டாயமாகக் கண்ணோடு கண் நோக்கச் செய்ததும் தமக்குத் துன்பம் தந்தன என்று எழுதியுள்ளனர். எவர்க்கும் தீங்கு செய்யாத இயல்பை மாற்றுதல் பயிற்சியின் நோக்கம் ஆகாது. பசித்தால் கேட்கவும், வலித்தால் சொல்லவும், சாலையைக் கடக்கவும், வேண்டாததை வேண்டாம் என மறுக்கவும் வல்லமை தருவதே நோக்கமாதல் வேண்டும். குழந்தையைப் பிறரைப் போல் ஆக்குவது வேறு. குழந்தை நன்கு வாழத் துணை நிற்பது வேறு.

சட்டமும் சமுதாயமும்

நம் அரசும் இத்துறையில் சட்டங்கள் இயற்றியுள்ளது. 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம் உடையோர் நலனைக் கருதியது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக இதனை ஏற்று, எல்லாரோடும் கூடிக் கற்கும் உரிமையை உறுதி செய்தது. எனினும், சட்டம் பள்ளிக் கதவைத் திறக்குமேயன்றி, உள்ளே இருப்போரின் உள்ளக் கதவைத் திறக்காது. அதனைத் திறத்தல் உங்கள் கையில் உள்ளது.

மாணவர்களே! உங்கள் வகுப்பிலும் இத்தகைய மாணவர் ஒருவர் இருக்கலாம். அவர் உங்களை நோக்காது நின்றால், மதியாது நிற்கிறார் எனக் கருதாதீர்கள். மணியோசை கேட்டுக் காதைப் பொத்திக் கொண்டால் நகையாதீர்கள். அவரிடம் பேசும்பொழுது சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசுங்கள். மறுமொழி வரச் சற்றுக் காத்திருங்கள். அவர் படத்தைக் காட்டித் தண்ணீர் கேட்டால், அவருடைய தாயும் ஆசிரியரும் பல மாதங்கள் உழைத்துக் கற்பித்த பாடம் அது என்பதை நினைத்து, உடனே எடுத்துக் கொடுங்கள். அந்த ஒரு குவளைத் தண்ணீரால், தாம் கேட்டால் உலகம் செவிசாய்க்கும் என்னும் நம்பிக்கை அவருக்குப் பிறக்கும். அந்நம்பிக்கையை வளர்க்கும் பணியில் மருத்துவர்க்கும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உள்ளது போலவே உங்களுக்கும் பங்கு உண்டு.